பொதுக்கூடத்தில் யாருக்கு என்ன உரிமை?

கேள்வி: நான் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "ஒவ்வோர் உறுப்பினருக்கும் பொதுக்கூடத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு" என்று எங்கள் விதிகளில் ஒரே ஒரு வரி இருக்கிறது. சென்ற மாதம் ஓர் உறுப்பினர் வகுப்பு நடத்த வந்தபோது, இன்னொருவர் முன்பே வந்து நாற்காலிகளைப் போட்டுக் கூடம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தார். "என் உரிமை பறிபோயிற்று" என்கிறார் முதலாமவர். "நான் என் உரிமையைத்தான் பயன்படுத்தினேன்" என்கிறார் இரண்டாமவர். இதற்கிடையே, வார இறுதிகளில் கூடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடச் செயற்குழு தீர்மானித்துவிட்டது. அதை இருவருமே எதிர்க்கிறார்கள். யார் சொல்வது சரி? விதியை எப்படித் திருத்தி எழுதலாம்?

பதில்: உங்கள் உறுப்பினர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் சொல்கிறார்கள். இந்தக் குழப்பம் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே மலிந்திருப்பதைக் கண்ட அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வெஸ்லி ஹோஃபெல்ட், 1913ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் "உரிமை" என்ற சொல்லைப் பிரித்து, அதற்குள் கோருரிமை, சுதந்திரம், அதிகாரம், விலக்குரிமை என நான்கு வேறுபட்ட சட்ட உறவுகள் இருப்பதைக் காட்டினார். நூறாண்டுக்கு மேலாகியும், விதி எழுத உட்காருபவருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சிக்கலில் அந்த நான்குமே இருக்கின்றன.

முதல் தகராறிலிருந்து தொடங்குவோம். ஒருவருக்குக் கோருரிமை இருக்கிறது என்றால், அதற்கு எதிர்முனையில் வேறொருவருக்குக் கடமை இருக்க வேண்டும். நான் உங்களுக்குக் கடன் கொடுத்திருந்தால், அதைத் திரும்பக் கேட்கும் என் உரிமையும் திருப்பித் தரும் உங்கள் கடமையும் ஒரே உறவின் இரு பக்கங்கள். சுதந்திரம் அப்படிப்பட்டதன்று. ஒன்றைச் செய்யாதிருக்கும் கடமை எனக்கு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்; நான் அதைச் செய்து முடிக்க நீங்கள் வழிவிட வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஆங்கிலச் சட்டத் தத்துவ அறிஞர் ஹெச். எல். ஏ. ஹார்ட் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். சாலையில் நடந்து செல்லும் இருவர், சற்றுத் தொலைவில் உரிமையாளர் யாரென்று தெரியாத பத்து டாலர் நோட்டு ஒன்று கிடப்பதைப் பார்க்கிறார்கள். அதை எடுக்கும் சுதந்திரம் இருவருக்கும் உண்டு. மற்றவர் எடுக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கும் கடமை இருவருக்கும் இல்லை. முந்திச் சென்று எடுத்தவர் மற்றவருக்குத் தீங்கு இழைத்தவர் ஆகமாட்டார்.

உங்கள் விதியின் வரி, இப்போது இருக்கும் நிலையில், அந்தச் சுதந்திரத்தை மட்டுமே தருகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். உறுப்பினர் உள்ளே வந்தால் அது அத்துமீறல் ஆகாது, அவ்வளவே. நேரம் ஒதுக்குவது, முன்பதிவு, இடத்தைப் பகிர்வது எதைப் பற்றியும் அதில் சொல் இல்லை. யார்மீதும் எந்தக் கடமையும் சுமத்தப்படவில்லை. ஆகவே, வகுப்பு நடத்த வந்தவரின் ஏமாற்றம் உண்மையானது என்றாலும், அவருடைய கோருரிமை மீறப்பட்டது என்று சொல்ல இடமில்லை.

இதனால் சுதந்திரம் வெற்றுச் சொல் என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் சிந்தனையை ஆராய்ந்தபோது ஹார்ட் இன்னொன்றையும் கவனித்தார். வேலிக்கு மேலாக அண்டை வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கும் சுதந்திரம் எனக்கு இருக்கலாம். அண்டை வீட்டார் திரை கட்டி அதை மறைக்கவும் செய்யலாம். ஆனால் பார்க்கவிடாமல் தடுப்பதற்காக என்னை அடிக்க முடியாது; ஏனெனில் அடிக்காதிருக்கும் பொதுக் கடமை அவருக்கு ஏற்கெனவே உண்டு. சுதந்திரத்தைச் சுற்றி இப்படிப்பட்ட பொதுக் கடமைகள் ஒரு காப்பு வளையமாக நிற்கின்றன. எனவே, முந்தி வந்தவர் நாற்காலிகளைப் போட்டது வேறு, மற்றவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் அது வேறு. அன்று நடந்தது எது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி வாடகைத் தீர்மானம். இங்கே கேள்வி, யார் எதைச் செய்யலாம் என்பதைவிட, அந்த ஏற்பாட்டையே மாற்ற யாரால் முடியும் என்பதுதான். ஹோஃபெல்ட் இதை அதிகாரம் என்றார். அதற்கு எதிர்முனையில் இருப்பவர் தம் நிலை மாற்றப்படுவதற்கு உட்பட்டவர். மாற்றும் அதிகாரம் எதிர்த்தரப்புக்கு இல்லையென்றால், இவருக்கு இருப்பது விலக்குரிமை. உறுப்பினர்கள் "செயற்குழு இந்தத் தீர்மானத்தை எடுக்கக் கூடாது" என்று சொல்லும்போது, அவர்கள் கோருவது இந்த விலக்குரிமையைத்தான்.

ஆனால் "எடுக்கக் கூடாது", "எடுக்க முடியாது" என்ற இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல சங்கங்கள் தடுமாறுகின்றன. ஒரு பொருளை விற்க முகவர் ஒருவரை நியமித்துவிட்டு, பிறகு "விற்காதே" என்று அவரிடம் தனியாகச் சொல்கிறீர்கள். அதை அறியாத ஒருவருக்கு அவர் விற்றுவிடுகிறார். பல நாட்டுச் சட்டங்களில் அந்த விற்பனை பெரும்பாலும் செல்லும். முகவர் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டியிருக்கும். அவருக்கு அதிகாரம் இருந்தது, அதைப் பயன்படுத்தாதிருக்கும் கடமையும் இருந்தது. அதிகாரமே இல்லாதிருந்தால் விற்பனையே செல்லாது. அதுபோல, பொதுச் சொத்தை வாடகைக்கு விடும் அதிகாரத்தை உங்கள் விதிகள் செயற்குழுவிடம் ஒப்படைத்திருந்தால், உறுப்பினர்களின் எதிர்ப்பு தீர்மானத்தைச் செல்லாததாக்காது. அந்த அதிகாரம் பொதுக்குழுவிடம் மட்டுமே இருந்தால், தீர்மானம் முதலிலிருந்தே செல்லாது. அதை யாரும் "ரத்து" செய்யவேண்டிய தேவைகூட எழாது. சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருக்கிறது என்பதையும், அச்சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுதும்போது, பெயர்ச்சொல்லான "உரிமை"யை விட்டு வினைச்சொற்களுக்கு வாருங்கள். எடுத்துக்காட்டாக: "முன்பதிவு செய்த உறுப்பினருக்கு, பதிவான நேரத்தில் கூடத்தைத் திறந்து, காலியாக ஒப்படைப்பது செயலாளரின் கடமை, அந்த நேரத்தில் பிற உறுப்பினர்கள் கூடத்தைப் பயன்படுத்தக் கூடாது. பதிவு இல்லாத நேரத்தில் எந்த உறுப்பினரும் வரலாம், எவருக்கும் முன்னுரிமை இல்லை. இவ்விதியைப் பொதுக்குழுவைத் தவிர வேறு எவரும் மாற்ற இயலாது." முதல் வாக்கியம் கோருரிமை தருகிறது, இரண்டாவது சுதந்திரம், மூன்றாவது விலக்குரிமை. அடுத்த தகராறில் உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றால், எந்த வாக்கியத்தின் கீழ் நிற்கிறார் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

விட்டுக்கொடுத்தலைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். அதை எங்கே அனுமதிக்கலாம் என்பதைப் பார்க்க, உரிமை என்றால் என்ன என்பதற்கான இரு கோட்பாடுகள் உதவும். உரிமை என்பது பிறரின் கடமையைத் தம் விருப்பப்படி வலியுறுத்தவோ தள்ளுபடி செய்யவோ உரிமை உடையவருக்கு இருக்கும் ஆளுகை என்பது ஹார்ட்டின் விருப்பக் கோட்பாடு. உரிமை உடையவரின் நலனைக் காப்பதற்காகவே கடமை பிறக்கிறது என்பது, பெந்தமிடம் வேர்கொண்டு சட்டத் தத்துவ அறிஞர் ஜோசப் ராஸ் 1986இல் செம்மைப்படுத்திய நலக் கோட்பாடு. குழந்தைகளின் உரிமைகள் விருப்பக் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை என்று ஸ்காட்லாந்துச் சட்டத் தத்துவ அறிஞர் நீல் மக்கார்மிக் 1976இல் வாதிட்டார். கைக்குழந்தையால் எதையும் வலியுறுத்தவோ தள்ளுபடி செய்யவோ முடியாது, ஆயினும் அதற்கு உரிமை இல்லை என்று சொல்ல நம்மால் முடியவில்லை. இந்த வாதத்தில் நான் மக்கார்மிக்கின் பக்கம். உங்கள் விதிக்கு வந்தால், பதிவு செய்த நேரத்தை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுத்தர அனுமதிக்கலாம். அது அவருடைய விருப்பம். அவசரகால வாயிலையும் சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்தையும் தடையின்றி வைக்கும் கடமையை, "இன்று ஒருநாள் பரவாயில்லை" என்று எந்த உறுப்பினரும் தள்ளுபடி செய்ய முடியாதவாறு எழுதுங்கள்.

வகுப்பு நடத்த வந்தவரிடம், பழைய விதி அவருக்கு அந்தக் கோருரிமையைத் தரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புதிய விதியின் வரைவை அவரிடமும் முந்தி வந்தவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகு பொதுக்குழுவில் வையுங்கள்.