வடக்கு மெக்சிகோ ஊர்களில் மியூசியம் பார்க்கப் போவது வீண் வேலையா?

கேள்வியைப் பார்த்தால் உங்களையும் ஆன்சைட் என்று மான்டெர்ரேக்கு அனுப்பியிருப்பார்கள் போல. அங்கே ஏற்கனவே இருக்கும் ஒரு சீனியர், "இங்க ஒண்ணும் இல்ல தம்பி, லீவைச் சேத்து வெச்சு மெக்சிகோ சிட்டிக்குப் போ" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மெக்சிகோ சிட்டியை நான் குறை சொல்லவில்லை. சொன்னதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஆனால் வடக்கின் கதை வேறு. பாலைவனம், ரயில், உருக்காலை, புரட்சி. மான்டெர்ரேயிலேயே, 1986இல் மூடிய உருக்காலையின் மூன்றாம் ஊதுலையை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். சிவாவா நகரில், 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் தளபதி பாஞ்சோ வியாவின் வீட்டில், 1923இல் அவரைச் சுட்டுக் கொன்றபோது அவர் ஓட்டிவந்த டாட்ஜ் கார் குண்டுத் துளைகளோடு நிற்கிறது.

எனக்குக் கண் திறந்தது தொரெயோன் என்ற வடக்கத்தி ஊரில். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒரு ரிலீஸ் முடித்துக் கொடுத்ததற்குத் திங்களன்று காம்ப்-ஆஃப் கிடைத்தது. விடியற்காலை பஸ் பிடித்து, வெயில் ஏறும் நேரத்தில் வெனுஸ்தியானோ கர்ரான்சா பூங்காவுக்குள் இருக்கும் லா லகுனா வட்டார மியூசியத்துக்குப் போய் நின்றால், கதவு பூட்டு. காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "லூனெஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னார். திங்கள்கிழமை என்று அர்த்தம். இந்த நாட்டில் மியூசியங்களுக்குப் பொதுவாகத் திங்கள்தான் விடுமுறை. நாவிதர் கடைக்கு எது விடுமுறை என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

திரும்பிப் போக மனசு வரவில்லை. ஒரு மலிவான லாட்ஜில் தங்கி, மேனேஜருக்கு மெசேஜ் போட்டுவிட்டு, செவ்வாயன்று உள்ளே போனேன். கந்தெலாரியா குகையில் 1953இல் தோண்டி எடுத்தவை அங்கே இருக்கின்றன. பாலைவனத்தில் வேட்டையாடித் திரிந்த மக்கள் தங்கள் இறந்தவர்களைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் குகைக்குள் வைத்திருக்கிறார்கள். பருத்தி இல்லை, யூக்கா என்ற பாலைவனச் செடியின் நார். அதை முறுக்கி நெய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தறி ஓடியது, அதனால் எங்கே போனாலும் என் கண் முதலில் துணியின் ஓரத்துக்குத்தான் போகும். கண்ணாடிக்கு மேல் மூச்சு படிய நின்று, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இழை பிசிறாமல் இருந்தது. பக்கத்தில் வலையும் நார்ச்செருப்பும்.

அன்று மதியம் இன்னொரு இடத்துக்கும் போனேன். வால்டர் லிம் என்ற சீன மருத்துவரின் பழைய வீடு, இப்போது புரட்சி மியூசியம். தொரெயோனுக்குப் பிழைக்க வந்த சீனர்கள் காய்கறித் தோட்டம், மளிகை, சலவைக் கடை என்று ஆரம்பித்து ஒரு வங்கிவரை வளர்ந்திருந்தார்கள். 1911 மே மாதம் புரட்சித் தலைவர் மதேரோவின் படை ஊரைப் பிடித்தபோது, படையும் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்து சுமார் 300 சீனர்களைக் கொன்றுவிட்டன. 31 லட்சம் பெசோ நஷ்டஈடு தருவதாக ஒப்புக்கொண்ட மெக்சிகோ அதைத் தரவே இல்லை. 2021இல்தான் ஜனாதிபதி லோபெஸ் ஓப்ரதோர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் வரலாறு படித்தவன் இல்லை, புரட்சியைக் கொச்சைப்படுத்தவும் இல்லை. பையில் வொர்க் பர்மிட்டோடு அந்த வீட்டுக்குள் நடந்தபோது வயிற்றைப் பிசைந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் அந்தச் செவ்வாய்க்குச் சம்பளம் பிடித்திருந்தார்கள். மூன்று தீபாவளி ஆபீஸில் கழித்தவன் நான். "அப்ரூவல் இல்லாம எடுத்தீங்க" என்றார் மேனேஜர். அந்த மூன்று தீபாவளிக்கும் யார் அப்ரூவல் கொடுத்தது? சரி, அதை விடுங்கள்.

ரெசிடென்ட் கார்டு வந்துவிட்டதா? வந்திருந்தால் லா லகுனா மாதிரி அரசின் தொல்லியல் துறை நடத்தும் மியூசியங்களில் ஞாயிறு இலவசம். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான், போன் கேமராவில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கோடையில் தொரெயோன் 40 டிகிரியைத் தாண்டும், தண்ணீர் எடுத்துப் போங்கள். சனி இரவு பஸ் ஏறினால் ஞாயிறு முழுசாகக் கிடைக்கும், திங்கள் காலை ஆபீஸிலும் இருக்கலாம்.