கசானில் முக்காடு போடலாமா? காயல்பட்டினத்துத் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ரஷ்யாவில் எல்லாரும் ரஷ்யர்கள், எல்லாரும் கிறிஸ்தவர்கள்தானே என்பது ஒன்று. செப்டம்பரில் கசானுக்கு மருத்துவம் படிக்க வரும்போது முக்காடு போட்டால் முறைப்பார்களா, வாப்பா பயப்படுகிறார்கள் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், வாப்பாவுக்குப் படித்துக் காட்டு. கசான் தெருவில் உன் நிறத்தை வேண்டுமானால் இரண்டு பேர் பார்ப்பார்கள், முக்காட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். பேருந்தில் உன் பக்கத்தில் உட்காருகிறவளே முக்காடு போட்டிருக்கலாம். கசான், ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் தாதர்ஸ்தான் குடியரசின் தலைநகர். 2021 கணக்கெடுப்பின்படி இந்தக் குடியரசில் தாதார் இனத்தவர் 53 சதவீதத்துக்குச் சற்று மேல், ரஷ்யர்கள் 40 சதவீதம். தாதார்களில் பெரும்பாலானவர்கள் சுன்னி முஸ்லிம்கள். இந்தப் பக்கத்தில் அப்போதிருந்த வோல்கா பல்கேரியா என்ற நாடு இஸ்லாத்தை ஏற்றது 922-இல். கீவ் இளவரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்று ரஷ்யர்கள் பக்கம் கிறிஸ்தவம் வந்ததோ 988-இல். இந்தக் கணக்கை இங்கே பலர் உன்னிடம் சொல்லிக்காட்டுவார்கள், பார்.

முதல் கேள்விக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த புதிதில் என் வீட்டுக்கார அம்மா தேநீரோடு எச்போச்மாக் வைத்தார். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்டது. நானும் இரண்டைத் தின்றுவிட்டு, ‘உங்கள் ரஷ்யச் சாப்பாடு பிரமாதம்’ என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. ‘நான் ரஷ்யக்காரி இல்லை, தாதார். இது எங்கள் பலகாரம்’ என்றார். தட்டைப் பிடுங்காததுதான் குறை.

தமிழில் நாம் எல்லாரையும் ரஷ்யர் என்று சொல்லிவிடுகிறோம். இங்கே அதற்கு இரண்டு சொல். இனத்தால் ரஷ்யர் ‘ரூஸ்கி’, இந்த நாட்டுக் குடிமகன் ‘ரஸ்ஸியானின்’. வீட்டுக்கார அம்மா இரண்டாவது, முதலாவது இல்லை. அதே போல ‘நாட்சியோனால்னஸ்த்’ என்ன என்று உன்னைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் என்ன நாடு என்று கேட்கவில்லை, இனம் என்ன என்று கேட்கிறார்கள். சோவியத் காலத்துப் பாஸ்போர்ட்டில் அதற்குத் தனி வரியே இருந்தது, 1997-இல்தான் எடுத்தார்கள். டெல்லியில் ‘மதராஸியா’ என்று கேட்டு அலுத்துப்போன எனக்கு, ‘தமிழ்’ என்றதும் ‘ஓ, உங்களுக்குத் தனி எழுத்து உண்டா?’ என்று அடுத்த கேள்வி வந்தது பிடித்திருந்தது.

எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்பதும் சரியில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைதான் பெரியது. ஆனால் ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் கல்மீக்கியா, புர்யாத்தியா குடியரசுகளில் பௌத்தர்கள் நிறைய, வட காகசஸில் பெரும்பாலும் முஸ்லிம்கள். கசானுக்குப் பக்கத்து மாரி எல் குடியரசில் தோப்புக்குள் போய் மரத்தடியில் வழிபடுகிறவர்கள் இன்றும் உண்டு. நம் ஊர்க் கோயில் காடு மாதிரி என்று வைத்துக்கொள்.

வந்ததும் உன்னைக் கசான் கிரெம்ளினுக்குக் கூட்டிப்போவார்கள். ஒரே கோட்டைக்குள் பேராலயமும் குல் ஷரீஃப் பள்ளிவாசலும் நிற்கும். நல்லிணக்கம் என்று வழிகாட்டி சொல்வார். சரிதான், ஆனால் ரஷ்ய மன்னர் இவான் 1552-இல் இந்த ஊரைப் பிடித்தார், ஊரைக் காக்க நின்று இறந்த இமாமின் பெயரில்தான் 2005-இல் இந்தப் பள்ளிவாசல் திறந்தது. நடுவில் 450 வருடம் இருக்கிறது.

மொழி விஷயம் இன்னும் ஆறாத புண். பள்ளியில் எல்லாருக்கும் கட்டாயமாக இருந்த தாதார் பாடம் 2017-இல் பெற்றோர் விருப்பம் என்று ஆனது. வீட்டுக்கார அம்மா பேரனிடம் தாதாரில் கேட்பார், அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ரஷ்யனில் பதில் சொல்வான். அந்த அம்மா ஒரு பெருமூச்சு விடுவார். நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

கசானை வைத்து மொத்த நாட்டையும் எடை போடாதே. விளாதிமிர் மாகாணத்தில் 2024-இல் பள்ளிகளில் ஹிஜாப்பைத் தடை செய்தார்கள். உன் கல்லூரியிலும் வகுப்பில், ஆய்வகத்தில் என்ன விதி என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். மாஸ்கோவில் வீட்டு வாடகை விளம்பரத்தில் ‘ஸ்லாவியர்களுக்கு மட்டும்’ என்று பச்சையாகப் போடுவார்கள். என் ரஷ்ய உச்சரிப்பைக் கேட்டதுமே போனை வைத்தவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் மாஸ்கோ அருகே குரோக்கஸ் அரங்கில் நடந்த தாக்குதலில் தாஜிக்கிஸ்தான்காரர்கள் பிடிபட்ட பிறகு மத்திய ஆசியத் தொழிலாளர்கள் மேல் சோதனை கூடிவிட்டது. நம் முகமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே ரயில் நிலையத்தில் ஒரே நாளில் இரண்டு தடவை என்னை நிறுத்தினார்கள், ஒருவர் தாஜிக்கா என்றே கேட்டார். பாஸ்போர்ட்டும் தங்குமிடப் பதிவுத் தாளும் இல்லாமல் வெளியே கிளம்பாதே.

அப்புறம், தொழுகை. டிசம்பரில் இங்கே சூரியன் பிற்பகல் 3 மணிக்கே விழுந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் என்று நண்பகல் முதல் அந்தி வரையுள்ள மூன்று தொழுகையும் வகுப்பு நேரத்தில் வந்து நிற்கும் என்று வகுப்பில் கூடப் படித்த தோழி ஒருத்தி புலம்புவாள். தொழுகைச் சட்டத்தில் நீங்கள் ஷாஃபி வழி, இவர்கள் ஹனஃபி வழி. பள்ளிவாசல் அட்டவணையில் அஸர் நேரம் தள்ளியிருந்தால் குழம்பாதே. கடையில் தாதார் பாட்டி மீதிச் சில்லறை கொடுத்தால் ரஷ்யனில் ‘ஸ்பசீபா’ சொல்வதற்குப் பதில் ‘ரஹ்மத்’ என்று சொல்லிப் பார். அவர்கள் மொழியில் நன்றிக்கு அதுதான் சொல்.