கோமாரி வந்த கட்டுத்தரைக்கு பினாயில் போதாது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பொள்ளாச்சி சந்தையில் வாங்கிய கறவை மாட்டுக்கு வாயிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம். மிருகாசுபத்திரி டாக்டர் கோமாரி என்கிறார். ஊசி போட்டிருக்கிறார், ஆனால் அது வைரஸைக் கொல்லாது என்கிறார். அப்புறம் எதற்கு ஊசி? மற்ற மூன்று மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, அவற்றுக்கும் வருமா? பினாயில் ஊற்றித்தான் கட்டுத்தரையைக் கழுவுகிறேன், போதுமா?”

பினாயிலை முதலில் பார்த்துவிடலாம், அவசரம் அதில்தான் இருக்கிறது. போதாது. கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. அதனால் சோப்பே அதைக் குலைத்துவிட்டது. கோமாரி வைரஸுக்கு அந்த உறை கிடையாது. வெறும் புரத ஓடு, உள்ளே வைரஸின் கட்டளைகள் எழுதிய ஒற்றை ஆர்என்ஏ இழை, அவ்வளவுதான். சோப்பும் பினாயிலும் அந்தப் புரத ஓட்டினை அதிகம் அசைப்பதில்லை. ஆனால் அமிலமோ காரமோ பட்டால் அது தாங்காது. அதனால் சலவை சோடா வாங்குங்கள். ஆப்ப சோடா வேறு, அதற்கு இந்தக் காரம் இல்லை. பத்து லிட்டர் வாளிக்கு 400 கிராம். சாணியை முழுக்க வழித்துவிட்டு ஊற்றி, பத்து நிமிஷமாவது ஊற விடுங்கள். தீவனத் தொட்டி, கயிறு, பால் கறப்பவரின் செருப்பு எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான். மாட்டின் வாய்ப் புண்ணில் மட்டும் இதைப் படவிடாதீர்கள், எரித்துவிடும். வாய்க்கு என்ன மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஊசி ஏன் வைரஸைக் கொல்லாது என்பதற்கு, செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வைரஸ் மாட்டின் செல்மேல் ஒட்டிக்கொள்ள, செல்லே அதை ஒரு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் லேசான புளிப்பு ஏறும். உடனே ஓடு பிரிந்து ஆர்என்ஏ வெளியே வருகிறது. சுமார் 8,400 எழுத்துகள் கொண்ட இந்த இழையை, மாட்டின் செல்லில் புரதம் செய்யும் கருவியான ரைபோசோம் தன் சொந்தக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டு ஒரே நீளப் புரதமாகச் செய்துவிடுகிறது. தறியில் ஒரே நீளமாக இறங்கும் துணியை வேட்டி வேட்டியாக வெட்டுவதுபோல, வைரஸின் நொதிகள் அதைத் துண்டு போடுகின்றன. அவற்றில் ஒரு நொதி, செல் தனக்கான புரதங்களைச் செய்வதையே முடக்கிவிடுகிறது. இன்னொன்று ஆர்என்ஏவைப் படியெடுக்கிறது: முதலில் எதிர் இழை, பிறகு அதை வைத்து ஏராளமான நேர் இழைகள்.

ஓட்டுப் புரதங்கள் ஐந்தைந்து அலகாகச் சேர்ந்து ஐங்கோணத் தட்டுகளாகின்றன. பன்னிரண்டு தட்டுகள் ஓர் ஆர்என்ஏவைச் சுற்றி மூடிக்கொண்டால் புது வைரஸ் தயார். நுழைந்த நாலைந்து மணி நேரத்தில் இது முடிந்து, செல் அழிந்து, அடுத்த செல்லுக்குப் பரவுகிறது. டாக்டர் போட்டது ஆன்டிபயாடிக்காகத்தான் இருக்கும்; அது பாக்டீரியாவின் சொந்த உறுப்புகளைத் தாக்கும் மருந்து. இங்கே வேலை செய்வது மாட்டின் உறுப்புகளும் வைரஸின் சில நொதிகளும்தான். அந்த மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அதைப் போட்டது, கொப்புளம் உடைந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்காமல் இருக்க. அதை நிறுத்திவிடாதீர்கள்.

இனி தடுப்பூசி. அதில் இருப்பது கொல்லப்பட்ட, ஆனால் உடையாத முழு ஓடு. பன்னிரண்டு தட்டும் சேர்ந்த முழு வடிவத்துக்குத்தான் மாட்டின் உடம்பு நல்ல எதிர்ப்பைத் தயார் செய்யும். வெயிலில் கிடந்த மருந்தில் ஓடு தட்டுத் தட்டாகப் பிரிந்துவிடும். ஊசி போட்டும் பலன் இருக்காது. 2 முதல் 8 டிகிரிக் குளிர் என்று டாக்டர்கள் கண்டிப்பாக இருப்பது இதற்காகத்தான். தடுப்பூசிக்காரர் வரும்போது ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

நன்றாகப் போட்ட ஊசிக்கும் பலம் ஏறக்குறைய ஆறு மாதம்தான். முதல் முறை போட்ட மாட்டுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று வேண்டும். படியெடுக்கும் நொதி தன் பிழையைத் திருத்திக்கொள்வதில்லை என்பதால் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா 1 என மூன்று வகைகள் இருப்பதும் ஒன்றுக்கான எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது என்பதால்தான். எனவே உங்கள் மூன்று மாடுகளுக்கும் வரவே வராது என்று உறுதி சொல்ல மாட்டேன். கடைசி ஊசி எந்த மாதம் போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம், அதனால் அவற்றை இப்போதே வேறு இடத்தில் கட்டுங்கள். கொப்புளம் தெரியும் முன்பே பாலில் வைரஸ் வந்துவிடும் என்பதால் சொசைட்டிக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள். மனிதருக்கு இதனால் பயமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்று இருந்தால் நோய் கண்ட தாயிடம் குடிக்க விடாதீர்கள். கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையையே தாக்கும். வாயில் புண் வருமுன்பே கன்று விழுந்து செத்துப்போவதுண்டு. நோயில்லாத மாட்டின் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, புதுப் பாத்திரத்தில் கொடுங்கள்.