சட்டித் தயிரும் மருதமுனைச் சேலையும்

கேள்வி: விடுமுறைக்கு இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா வருகிறோம். ஹோட்டல் சாப்பாட்டை விட்டால் வேறு என்ன சாப்பிடலாம், ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்? - வாசகி, திருச்சி

பதில்: முதலில் மட்டக்களப்பு எருமைத் தயிர். மண்சட்டியில் கட்டியாக உறைந்திருக்கும், கரண்டியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும், மேலே சீனியோ பாணியோ (வெல்லப்பாகு போன்றது) விட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறும் ஆசை மட்டும் வேண்டாம், இங்கேயே முடித்துவிடுங்கள். மத்தியானம் வாவி (காயல்) நண்டுக் கறி கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குவதற்கு என்றால் என் ஓட்டு மருதமுனைக் கைத்தறிக்குத்தான். கல்முனைக்குப் பக்கம், அம்பாறை மாவட்டம், பாசிக்குடாவிலிருந்து கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் சேலையோ சாரமோ (லுங்கி) நெய்கிற ஊரிலேயே விரித்துப் பார்த்து எடுக்கலாம். வறுத்த கஜு (முந்திரி), பன்பாய் (கோரைப்புல் பாய்), அதுவும் சரி. பவளத் துண்டு, ஆமை ஓடு என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம், சட்டப்படி குற்றம்.