ஒட்டுகிற பால் பவுடருக்கு மெஷின் தீர்வாகுமா?

கேள்வி: எங்கள் குழந்தைக்கு மூன்று மாதம், ஃபார்முலா பால்தான் கொடுக்கிறோம். டப்பாவைத் திறந்து சில நாளிலேயே பவுடர் கட்டி தட்டிவிடுகிறது. ஸ்கூப்பைக் கவிழ்த்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. பட்டனை அழுத்தினால் பவுடரையும் தண்ணீரையும் தானே அளந்து கலக்கும் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஸ்கூப்பில் ஒட்டுகிற பவுடர் மெஷினுக்குள் போனாலும் ஒட்டத்தான் செய்யும். ஸ்கூப்பில் மிச்சம் நின்றால் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. மெஷினுக்குள் நின்றால் தெரியாது.

வழக்கமான ஃபார்முலா பவுடரில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கால் பங்கு அளவுக்குக் கொழுப்பு. லாக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகும், துகள்கள் தொட்டுக்கொண்ட இடத்தில் ஒட்டும், நாளாக ஆக இறுகும். டப்பா சூடான இடத்தில் இருந்தால் துகளின் மேலுள்ள கொழுப்பும் இளகிச் சேர்ந்துகொள்ளும். துகள் மிக நுண்ணியதாக இருந்தாலும் சரளமாக விழாது. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் நுண்துகள்களைச் சிறு மணிகளாகத் திரட்டி விற்கிறார்கள். ஒரு பிராண்ட் மணல்போல் உதிர்வதும் இன்னொன்று மாவுபோல் அப்பிக்கொள்வதும் பெரும்பாலும் இதனால்தான்; சத்தில் ஏற்றத்தாழ்வு என்று நினைக்க வேண்டாம்.

ஈரம் உள்ளே போகும் வழியைத் தேடினால், பெரும்பாலும் புட்டியிலிருந்து எழும் ஆவிதான். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர் போன்ற கிருமி இருந்தால் அழிவதற்காக, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலக்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதல் சொல்கிறது. கலந்ததும் மூடிய புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து, குடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும். கலக்கும்போது அந்த 70 டிகிரிச் சூட்டை நீங்கள் விடக்கூடாது. ஆனால் ஆவி மேல் ஸ்கூப்பைப் பிடித்துவிட்டு, அதே ஸ்கூப்பை மறுபடி டப்பாவுக்குள் விடுவதை நிறுத்தலாம். தேவையான ஸ்கூப்களை முதலில் சுத்தமான, நன்றாக உலர்ந்த கிண்ணத்தில் போட்டு டப்பாவை மூடிவிடுங்கள். பிறகு சூடான தண்ணீரை அளந்து புட்டியில் ஊற்றி, கிண்ணத்துப் பவுடரை ஒரே மூச்சில் கவிழுங்கள். குறுகிய வாய்ப் புட்டி என்றால் அகன்ற காம்புள்ள உலர்ந்த புனல் வையுங்கள். ஸ்கூப்பைக் கழுவினால் முழுக்க உலர்ந்த பிறகே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். டப்பாவை ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள்; வெளியே எடுத்துத் திறக்கும்போது ஈரம் படியும்.

ஒட்டுகிறதே என்று ஸ்கூப்பில் பவுடரை அழுத்தி நிரப்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்கூப் அளப்பது கன அளவை. குழந்தைக்குக் கணக்கு எடை. அழுத்தினால் அதே ஸ்கூப்பில் கூடுதல் பவுடர் ஏறி, பால் அடர்ந்து, மலச்சிக்கலிலிருந்து நீரிழப்பு வரை போகலாம். ஒட்டியதை அப்படியே விட்டால் பால் நீர்த்துப்போகும், எடை ஏறாது. தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லாதவரை, அழுத்தாமல் அள்ளி உலர்ந்த கத்தி முதுகால் மட்டம் தட்டுங்கள். ஒரு பிராண்டின் ஸ்கூப்பை இன்னொரு பிராண்டுக்குப் போடவே கூடாது.

இதையெல்லாம் செய்தபிறகும் மெஷின்தான் வேண்டும் என்றால் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் பவுடருக்கான செட்டிங் அதில் உண்டா? தண்ணீரை எவ்வளவு சூடாக்கும்? பல மெஷின்கள் வெதுவெதுப்போடு நின்றுவிடும், 70 டிகிரியைத் தொடாது. வாங்கியதும் 0.1 கிராம் வரை காட்டும் தராசில் சோதியுங்கள். டப்பாவில் 30 மி.லி. தண்ணீருக்கு 4.4 கிராம் என்று இருந்தால், 120 மி.லி.க்கு 17.6 கிராம் விழ வேண்டும். பவுடர் மட்டும் தனியாக விழும்படி செய்ய வழி இருந்தால் சில முறை எடை போட்டுப் பாருங்கள். அப்படி வழியே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன். புனல் பகுதியில் ஆவி பட்டுப் பவுடர் பாறையாகும். கையேட்டில் சொல்லும் இடைவெளியில் கழற்றிக் கழுவி, உலர்த்தி மாட்ட வேண்டும். தூக்கமில்லாத இரவுகளில் அந்த வேலையும் உங்களுடையதுதான் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டி தட்டிய பவுடரைச் சலித்துப் பயன்படுத்தலாமா?

பதில்: டப்பாவை லேசாகக் குலுக்கினாலே உதிர்கிற மென்கட்டி என்றால் பரவாயில்லை. விரலால் நசுக்கியும் உடையாத கட்டி, நிற மாற்றம், சிக்கு வாடை இருந்தால் டப்பாவையே ஒதுக்கிவிடுங்கள். ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்று சல்லடை சொல்லாது. சீல் பிரிக்கும்போதே கெட்டியாக இருந்தால் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். தொகுதி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தயாரிப்பாளரிடம் புகார் செய்ய உதவும்.

கேள்வி: பயணத்துக்கு அறை பிரித்த சிறு டப்பா வாங்கினேன். பவுடர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

பதில்: பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறுவதாலும் ஒட்டும், உள்ளே ஈரம் மிச்சமிருந்தாலும் ஒட்டும். கழுவிய பின் துணியால் துடைக்காமல் காற்றில் முழுக்க உலரவிடுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் நிரப்புங்கள். கவிழ்த்ததும் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, அறை காலியானதா என்று பாருங்கள். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மூலைகள் கூரான டப்பாவை எடுக்காதீர்கள்; வளைந்த அடியும் அகலமான வாயும் உள்ளது வாங்குங்கள்.