முயல் குட்டிக்குப் புரதம்: மூட்டை விலையா, புரத விலையா?

கேள்வி: குலசேகரம் பக்கம் கறிக்காக முயல் வளர்க்கிறோம். இப்போது 40 குட்டிகள் நிற்கின்றன. கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகவில்லை, சொந்தமாகக் கலக்கப் போகிறோம். சோயாப் புண்ணாக்குக்குப் பதிலாகத் தேங்காய்ப் புண்ணாக்கோ ரப்பர் கொட்டைப் புண்ணாக்கோ போடலாம், விலை குறைவு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? அசோலா மட்டும் போதுமா?

பதில்: வளரும் குட்டியின் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான் என்பதால், புண்ணாக்கின் கிலோ விலையை விடுங்கள், அதிலுள்ள புரதத்தின் விலையைப் பாருங்கள். பேச்சுக்கு, சோயா கிலோ 45 ரூபாய், தேங்காய்ப் புண்ணாக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சோயாவில் புரதம் சுமார் 45 சதவீதம், ஆகவே ஒரு கிலோ புரதம் 100 ரூபாய். தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 சதவீதம்தான், அதே ஒரு கிலோ புரதத்துக்கு 150 ரூபாய் ஆகிவிடும். உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

விலை ஒத்துவந்தாலும் சோயாவை முழுதாக நிறுத்த வேண்டாம். தேங்காய்ப் புண்ணாக்கில், புரதத்தின் ஒரு முக்கியக் கூறான லைசின் குறைவு. அது குறைந்தால் குட்டி தின்னும், ஆனால் எடை ஏறாது. பாதி சோயாவை வைத்துக்கொண்டு மீதிக்கு இதைச் சேர்க்கலாம்.

நம் ஊரில் ஆனி மழை, ஐப்பசி மழை என்று இரண்டு தடவை ஈரம் பிடிக்கிறது. புண்ணாக்கில் பூஞ்சணம் வந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். முயல் அதைத் தாங்காது. வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் வையுங்கள். வாங்கும்போதே ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக வாங்குவதானால் நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வகம் இருக்கிறது. அங்கே மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம்.

ரப்பர் கொட்டைப் புண்ணாக்கு வேண்டாம். மரச்சீனி இலையில் இருப்பது போலவே அந்தக் கொட்டையிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. சூடுபடுத்தினால், நாள்பட்டால் குறையும் என்பது உண்மை. ஆனால் கடையில் இருக்கும் மூட்டை எப்படித் தயாரானது என்று நமக்குத் தெரியாதே. பால் மறந்த குட்டிகளை வைத்துச் சோதிக்கக் கூடாது.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா? நல்ல பொருள்தான், ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் ஒரு கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். மிஞ்சும் புரதம் 15 கிராம் அளவுதான். அதைவிட வேலியோரத்தில் அகத்தி வையுங்கள். ஒரு கிலோ பச்சை அகத்தியில் 50 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும், நார்ச்சத்தும் சேர்ந்தே வரும். முருங்கை இலை, வேலிமசால், மல்பெரி இலையும் நல்லவை. வெட்டியதும் போடாமல் சற்று வாடவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: மலிவு என்று பிராய்லர் கோழித் தீவனத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நார்ச்சத்து மிகக் குறைவு என்பது ஒருபுறம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க அதில் சேர்க்கும் சாலினோமைசின் போன்ற மருந்து முயலுக்கு நஞ்சு.

எதை மாற்றினாலும் 7 முதல் 10 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தாயிடமிருந்து பிரித்த அதே வாரத்தில் தொடங்க வேண்டாம், குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.