வீட்டை விற்று ஆர்.வி.யில் குடியேறுவது: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பிள்ளைகள் படித்து வெளியேறியபின் நான்கு படுக்கையறை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் சிலருக்கு அந்த வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் உள்ள ஆர்.வி. என்னும் வண்டியிலேயே ஊர் ஊராக வாழும் ஆசை வந்திருக்கிறது. நானும் என் கணவரும் அப்படித்தான் வாழ்கிறோம். அதற்கு முன்பு வருமான வரிக் கணக்குத் தயாரிக்கும் வேலை பார்த்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு வரும் கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியே இருக்கின்றன. நல்லதுதான். மலை, ஏரிப் படங்களை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அக்கா, 1990களின் கடைசியில் வாங்கிய வீடு. இப்போது விற்றால் லாபத்தில் பாதி வரிக்கே போய்விடும் என்கிறார்கள். போதாததற்கு நியூ ஜெர்சியில் ‘எக்ஸிட் டாக்ஸ்’ வேறு உண்டாமே?

பதில்: இரண்டுமே பாதி உண்மை. விற்ற தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டுகள் அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாக இருந்து, நீங்கள் அதில் குடியிருந்தால், தனி நபருக்கு 2.5 லட்சம் டாலர் வரையும், சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரையும் லாபத்துக்குக் கூட்டாட்சி வரி கிடையாது. 1997இல் வந்த விதி. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. அதனால்தான் பழைய வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லாபம் என்பது விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் வருவது அன்று. ஓர் எடுத்துக்காட்டு: 2.8 லட்சத்துக்கு வாங்கினீர்கள். கூரை மாற்றியது, சமையலறையைப் புதுப்பித்தது, அடித்தளத்தில் அறை கட்டியது என்று 70 ஆயிரம் செலவு. 8.5 லட்சத்துக்கு விற்கிறீர்கள்; முகவர் கட்டணமும் மற்ற விற்பனைச் செலவும் 45 ஆயிரம். லாபம் 4.55 லட்சம். தம்பதிக்கு வரி இல்லை. ரசீதுகளைத் தொலைத்திருந்தால் இதே கணக்கு 5 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே பரணைக் காலி செய்யும்போது முதலில் தேட வேண்டியது கூரைக்காரர் கொடுத்த ரசீதை. சாதாரண பெயின்ட், பழுதுபார்ப்பு ஆகியவை இதில் சேராது.

‘எக்ஸிட் டாக்ஸ்’ என்பது தனி வரியே அன்று. மாநிலத்தை விட்டுப் போகிறவர் வரி கட்டாமல் போய்விடக் கூடாது என்று விற்பனையின்போதே பிடித்துவைக்கும் முன்பணம். குடியிருந்த வீடு என்றால் பத்திரம் முடிக்கும்போது அதற்கான படிவத்தில் அதைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள், பிடித்தம் இருக்காது. எதற்கும் வீட்டை விற்று முடித்த பிறகே மாநிலத்தை மாற்றுங்கள். கேள்விகள் குறையும்.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்): என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. தனியாகவாவது போக நினைக்கிறேன். அவசரப்படாதே என்கிறார்கள் பிள்ளைகள்.

பதில்: வருந்துகிறேன் அம்மா. பயணத்துக்கு அவசரமில்லை. வீட்டுக்கு மட்டும் ஒரு கெடு இருக்கிறது. கணவர் மறைந்த 2 ஆண்டுகளுக்குள் விற்றால், மறுமணம் செய்யாதிருக்கும் வரை, அந்த 5 லட்சம் விலக்கு உங்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகு 2.5 லட்சம்தான். இருவர் பெயரிலும் இருந்த வீடு என்றால், அவர் பங்கான பாதிக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அவர் மறைந்த நாளின் சந்தை மதிப்பே லாபக் கணக்குக்கு அடிப்படை விலையாகிவிடும். எனவே அந்த நாளின் மதிப்பை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் உங்களுக்கு அநேகமாக வரியே வராது. வீட்டை விற்றுவிட்டு ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து யோசித்தாலும் குற்றமில்லை.

தனியாக ஓட்டுவதானால் வேன் அளவிலான வண்டியே போதும். சாதாரண வாகன நிறுத்தத்தில் நிற்கும், பின்னால் எதையும் இழுக்க வேண்டாம். தனியாகச் சுற்றும் பெண்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன்.

கேள்வி (சான் ஹோசே): விற்காமல் வாடகைக்கு விட்டுப் போனால் என்ன? 2021இல் 3 சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் கடனை மாற்றி வாங்கியிருக்கிறோம். விட மனமில்லை.

பதில்: அந்த வட்டி இனி எப்போது கிடைக்குமோ தெரியாது, தயக்கம் நியாயமானது. 5இல் 2 ஆண்டு என்ற விதியைத் திருப்பிப் பாருங்கள்: குடி பெயர்ந்து 3 ஆண்டுகளுக்குள் விற்றால் விலக்கு கையைவிட்டுப் போகாது. வாடகைக்கு விட்ட காலத்தில் வாடகை வருமானத்திலிருந்து செலவாகக் கழித்த வீட்டின் தேய்மானத்துக்கு மட்டும் 25 சதவீதம் வரை வரி வரும். வண்டி வாழ்க்கை ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் 3 ஆண்டு என்பது காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட வேண்டிய தேதி. நான்காம் ஆண்டு வாடகைக்காரர் நல்லவர் என்பதற்காக வைத்துக்கொண்டு, பிறகு முழு லாபத்துக்கும் வரி கட்டிய குடும்பங்களின் கணக்கை நானே தயாரித்திருக்கிறேன். வெந்நீர்க் கொதிகலன் உடைந்துவிட்டது என்று வாடகைக்காரர் அழைக்கும்போது நீங்கள் மொன்டானாவில் செல்பேசிச் சமிக்ஞையே இல்லாத இடத்தில் இருப்பீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நிர்வாகிக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்கில் சேர்த்தே லாபமா என்று பாருங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): வீடே இல்லாவிட்டால் முகவரி எது? ஓட்டுநர் உரிமம், வங்கி, கடிதம் எல்லாம்?

பதில்: வண்டி வாங்குவதைவிட இதற்குத்தான் நான் அதிகம் யோசிக்கச் சொல்வேன். சட்டப்படி ஏதேனும் ஒரு மாநிலம் உங்கள் இருப்பிடமாக இருந்தே ஆக வேண்டும். ஊர் சுற்றுபவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை மூன்று: சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா. மூன்றிலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. மூன்றிலும் உங்கள் கடிதங்களை வாங்கி நீங்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. சவுத் டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதும் அஞ்சல் நிறுவன முகவரியும் இருந்தால் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஏற்கெனவே டெக்சாஸ்காரர். இருக்கும் இடத்திலேயே இருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து அங்கே சொந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் செய்த பாதுகாப்புப் பரிசோதனையும் நீங்கிவிட்டது; எங்கோ இருந்துகொண்டு அதற்காகத் திரும்பி ஓட வேண்டாம். 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி.க்காரர் சங்கம் உங்கள் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரில் இருக்கிறது. கடிதம் அனுப்பும் சேவை அவர்களுடைய பெரிய வேலை. வயதாகி ஓட்ட முடியாதவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் உதவியும் பெறும் மையமும் அங்கேயே உண்டு.

சில வங்கிகள் இத்தகைய அஞ்சல் முகவரியைக் குடியிருப்பு முகவரியாக ஏற்பதில்லை. வீட்டை விற்கும் முன்பே உங்கள் வங்கியைக் கேட்டுவிடுங்கள். பழைய மாநிலமும் எளிதில் விடாது. மகள் வீட்டு வாசலில் ஆண்டில் பாதிக்குமேல் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, நான் டகோட்டாவாசி என்று சொன்னால் அங்குள்ள வரித்துறை கேள்வி கேட்கும்.

பச்சை அட்டைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: முகவரி மாறிய 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்த வாழ்க்கையை இப்போதைக்கு நினைக்காமல் இருப்பது நல்லது. வேலை செய்யும் இடத்தோடு கட்டிப்போட்ட அனுமதி அது.

கேள்வி (ஆஷ்பர்ன், வர்ஜீனியா): அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள், ஒன்பது படிக் கொலு, புத்தகங்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? நினைத்தாலே அழுகை வருகிறது.

பதில்: மனத்தை நான் தேற்ற முடியாது. தராசு முடிவு செய்துவிடும். ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும். முப்பது அடி வண்டியில்கூட அது சில சமயம் 1,500 பவுண்டுதான். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டியை நிரப்பினாலே 500 பவுண்டு போய்விட்டது. மீதியில்தான் துணி, அரிசி மூட்டை, கருவிகள், மோட்டார் ஹோம் (வேறொரு வண்டி இழுக்காமல் தானே ஓடுவது) என்றால் நீங்கள் இருவரும்கூட. எல்லாவற்றையும் ஏற்றியபின் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அதிக எடை என்றால் முதலில் வெடிப்பது டயர்.

குத்துவிளக்கில் சின்னது ஒன்று போதும். அண்டா, குண்டான்களைப் பக்கத்துக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அவை வேண்டாம் என்பதைச் சீக்கிரம் ஒப்புக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. கொலுவை மூன்று படியாக்கி, களிமண் பொம்மைகளைக் கொடுத்துவிட்டுக் காகிதக்கூழ் பொம்மைகளாக வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மரச்சாமான்களுக்கு வீட்டிலேயே ஏலம் போல விற்றுத்தரும் நிறுவனங்கள் உண்டு. விற்ற தொகையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள், வருவது வரட்டும். வாடகைக் கிடங்கில் போட்டுவைப்பதை மட்டும் ஓராண்டுக்குமேல் செய்யாதீர்கள். நாலாயிரம் டாலர் சோபாவுக்கு நான்கு ஆண்டுகளில் அதைவிட அதிகம் வாடகை கட்டுகிறார்கள்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்): தாளித்தால் வண்டி முழுக்க நாறுமா? கிரைண்டர், குக்கர் எல்லாம் ஓடுமா?

பதில்: நாறும். மீன் வறுத்தால் திரைச்சீலை ஒரு வாரம் சொல்லும். வெளியே மேசை போட்டு ஒற்றை அடுப்பில் தாளிப்பதும் வறுப்பதும் நம்மவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் ஏற்பாடு. மின்சாரத்தில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் என்றால் 12,000. முப்பதில் ஏர்கண்டிஷனர், மைக்ரோவேவ், மின்சாரக் குக்கர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். மேசைக் கிரைண்டர் 150 வாட் அளவுதான் எடுக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாவு புளிப்பது ஊரைப் பொறுத்தது. அரிசோனாவில் நான்கு மணி நேரத்தில் பொங்கி வழியும்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது?

பதில்: நீங்கள்தான். கையுறை போட்டு, பத்து நிமிடம். கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைத்திருந்து, முக்கால்வாசி நிரம்பியபின் திறங்கள். திறந்தே வைத்தால் நீர் ஓடிவிடும், மற்றது தங்கிவிடும். அதைத் திறந்துவிட்டபின் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாய் கழுவப்பட்டுவிடும்.

கேள்வி (டாம்பா): எனக்கு 64, அவருக்கு 67. மருத்துவக் காப்பீடு எப்படி?

பதில்: அவருடைய மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) எந்த வகை என்று பாருங்கள். அரசின் மூல மெடிகேர் என்றால், அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் நாடு முழுக்கப் போகலாம். தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டம் என்றால் பெரும்பாலும் உங்கள் வட்டாரத்து மருத்துவர்கள் மட்டும்; வெளியே அவசர சிகிச்சைதான். நீங்கள் 65 ஆனதும் மூல மெடிகேரோடு மெடிகேப் எனும் துணைக் காப்பீட்டை எடுங்கள். மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான ‘பி’ பிரிவில் சேர்ந்த முதல் 6 மாதங்களில் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பிறகு பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாத வீடு நம்மில் ஏது? அதனால் அந்த 6 மாதத்தைத் தவறவிடாதீர்கள். அதுவரை இந்த ஓராண்டுக்கு உங்கள் காப்பீடு ஊர் எல்லைக்கு உட்பட்டதாகத்தான் இருக்கும்.

கேள்வி (அட்லாண்டா): 42 அடி மோட்டார் ஹோம் பார்த்திருக்கிறோம். வாங்கலாமா?

பதில்: தேசியப் பூங்காக்களுக்காகத்தானே போகிறீர்கள்? அங்குள்ள பழைய முகாம்களில் பலவற்றில் இந்த நீளம் நுழையாது. கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கே அனுமதி இல்லை. கலிஃபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினால் வேறு வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஐந்தாறு ஆண்டு ஓடிய, முப்பது அடிக்கு உட்பட்டதாகப் பாருங்கள். புதிய வண்டியின் விலை முதல் சில ஆண்டுகளில்தான் மளமளவென்று சரியும், அந்த நஷ்டம் முதல் உரிமையாளருடையதாக இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அந்த டயர் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று சொல்லும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு ஆனதை நம்பாதீர்கள். காப்பீட்டில் ‘முழுநேரக் குடியிருப்பு’ என்று வாங்குங்கள். விடுமுறைக்கு ஓட்டுபவர்களுக்கான காப்பீடு உங்கள் வாசலில் ஒருவர் வழுக்கி விழுந்தால் கைவிட்டுவிடலாம்.

பூங்கா என்றதும் நினைவு வந்தது: 62 வயதான குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் வாழ்நாள் அனுமதி அட்டை 80 டாலர். கூட்டாட்சி முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணம்.

கேள்வி (ராலே, வட கரோலினா): எனக்கு முழு ஆசை. என் கணவருக்குத் துளியும் இல்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். வீட்டை விற்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். ஜூனில் வேண்டாம், அப்போது யாருக்கும் பிடிக்கும். நவம்பரில் எடுங்கள், மழை பெய்யும் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டுவது, தொட்டி காலி செய்வது, சமைப்பது மூன்றையும் இருவரும் மாறி மாறிச் செய்யுங்கள். வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து, நீங்கள் கேட்காமல் அவரே பேச்செடுத்தால் மட்டும் வீட்டு முகவரைக் கூப்பிடுங்கள்.